வேனுக்குள் ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும்: ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களுக்கு ஒரு புது வேலை

சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் கேரவனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏசி, ஒப்பனைக் கண்ணாடி, பக்கத்தில் இரைந்துகொண்டே இருக்கும் டீசல் ஜெனரேட்டர். பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி சக்லேஷ்பூருக்கும் கோகர்ணாவுக்கும் கிளம்பும் கேம்பர் வேன் அந்த ரகம் இல்லை. காபித் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்திப் படுக்கிறவர் ஜெனரேட்டர் சத்தத்துக்குச் சம்மதிக்க மாட்டார். விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாமே பேட்டரியில்தான் ஓட வேண்டும். இதில் விளக்கும் மோட்டாரும் அவ்வப்போது போட்டு அணைப்பவை. ஃப்ரிட்ஜ் மட்டும் ஆள் தூங்கினாலும், வண்டி நின்றாலும், 24 மணி நேரமும் கரண்டு கேட்கும். வேன் உரிமையாளர் உங்களைக் கூப்பிடுவது பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும்.

இந்தச் சந்தை இன்னும் சின்னது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வளர்கிறது. பெங்களூரின் லக்ஸ்கேம்பர் பாரத்பென்ஸ் வண்டிகளில் கேரவன் கட்டி வாடகைக்கு விடுகிறது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தது. மஹிந்திரா, சென்னை ஐஐடியில் உருவான கேம்பர்வேன் ஃபேக்டரி நிறுவனத்தோடு சேர்ந்து பொலேரோ கேம்பர் வண்டியில் குறைந்த விலை வேன் செய்ய ஒப்பந்தம் போட்டது. இவற்றைவிட உங்களுக்கு முக்கியமானவர்கள் இன்னொரு கூட்டம்: பழைய டிராவலரையோ விங்கரையோ வாங்கி, மரத்தச்சரையும் வெல்டரையும் தேடிப் பிடித்து, தாங்களே வேன் கட்டிக்கொள்ளும் ஐடி ஊழியர்கள். அவர்களுக்குத் தச்சர் கிடைத்துவிடுகிறார். நம்பிக் கொடுக்கும்படியான 12 வோல்ட் வயரிங் ஆள் கிடைப்பதில்லை.

நீங்கள் ஐடிஐ எலெக்ட்ரீஷியனாகவோ, ஏசி மெக்கானிக்காகவோ, ஜே.சி. ரோட்டில் கார் ஆடியோவும் ஹெட்லைட்டும் மாட்டுகிறவராகவோ, ஓசூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் டிப்ளமோக்காரராகவோ இருந்தால், இந்த வேலைக்குத் தேவையானதில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதி கணக்கு. பேட்டரியை யார் வேண்டுமானாலும் விற்கலாம், எஸ்.பி. ரோட்டில் உங்களைவிட மலிவாக விற்க நூறு கடை உண்டு. கணக்குப் போட்டு, அளந்து காட்டி, எழுதிக் கொடுப்பவர்தான் குறைவு. கூலி அதற்குத்தான்.

ஆம்பியரைக் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள்

“அண்ணா, 100 ஏஹெச் லித்தியம் போட்டா போதும்ல?” என்றுதான் வாடிக்கையாளர் ஆரம்பிப்பார். போதும் என்றோ போதாது என்றோ உடனே சொல்லாதீர்கள். “எந்த ஊருக்கெல்லாம் போவீங்க சார்? ஒரே இடத்துல எத்தனை நாள் நிப்பீங்க? வேன் வீட்ல எங்க நிக்கும்?” இந்த மூன்று கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் பேட்டரி பற்றிப் பேச முடியும்.

ஏன் ஊர்? பெங்களூரின் குளிர்ச்சி கணக்கைக் கெடுக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் இது. உங்கள் பட்டறையில் 26 டிகிரி நிழலில் வைத்துச் சோதித்தால் எந்த ஃப்ரிட்ஜும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடும், நிறைய நேரம் ஓய்வெடுக்கும். அதே வேன் ஏப்ரலில் ஹம்பியில் மரமில்லாத இடத்தில் நின்றால் வெளியே 40 டிகிரி, மூடிய வண்டிக்குள் அதைவிடக் கூடுதல். கம்ப்ரஸர் ஓயாது.

45 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். ஓடும்போது சுமார் 50 வாட் இழுக்கிறது. பெங்களூர்ப் பட்டறையில் நூற்றுக்கு 30 பங்கு நேரம் ஓடினால் சராசரி 15 வாட். ஒரு நாளைக்கு 360 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 30 ஏஹெச். ஹம்பி வெயிலில் அது 60 பங்கு நேரம் ஓடினால் 720 வாட்-மணி, 60 ஏஹெச். ஃப்ரிட்ஜ் அதேதான், செலவு மட்டும் இரண்டு மடங்கு. பெங்களூர்க் கணக்கில் பேட்டரி மாட்டிக் கொடுத்தவருக்குத்தான் ஹம்பியிலிருந்து ராத்திரியில் போன் வரும்.

இப்போது பேட்டரிக்கு வருவோம். 12 வோல்ட் 100 ஏஹெச் லெட்-ஆசிட் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி, 600. பெங்களூரில் ஒன்றரை நாள் தாண்டும். ஹம்பியில் ஒரு நாள்கூட வராது. அதே 100 ஏஹெச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 1,280 வாட்-மணி. அதில் 90 பங்கு தைரியமாக எடுக்கலாம். 1,150 என்று வைத்துக்கொண்டால் பெங்களூரில் மூன்று நாள், ஹம்பியில் ஒன்றரை நாள். எடையும் பாதிக்குக் குறைவு. லெட்-ஆசிட் 30 கிலோ பக்கம் வந்தால் இது 12 கிலோ பக்கம்தான் வரும்.

எனவே வாடிக்கையாளர் சொன்ன 100 ஏஹெச் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஏன் சரி, எத்தனை நாளுக்குச் சரி, எங்கே சரியில்லை என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

தள்ளிவிட வேண்டிய மூன்று யோசனைகள்

முதல் யோசனை, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏஹெச் ட்யூபுலர் பேட்டரி. “வீட்ல சும்மா கெடக்குண்ணா” என்பார்கள். அது தரையில் அசையாமல் நிற்பதற்காகச் செய்தது. ஏறக்குறைய ஒரு ஆள் எடை, உள்ளே தளும்பும் ஆசிட், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன். ஆட்கள் படுத்துத் தூங்கும் மூடிய வண்டிக்குள் அதற்கு இடமில்லை.

இரண்டாவது, 230 வோல்ட் மினிபார் ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டர் வைத்து ஓட்டுவது. ஃப்ரிட்ஜ் மலிவு என்பது உண்மை. ஆனால் இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே 10 முதல் 15 வாட் எடுக்கும். ஒரு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள், 240 முதல் 360 வாட்-மணி. மேலே பார்த்த 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் பெங்களூரில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவது இவ்வளவுதான்! அதுபோக கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைத் தாங்க இன்வெர்ட்டரைப் பெரிதாக வாங்க வேண்டும்.

மூன்றாவது, காருக்கென்று விற்கும் பெல்ட்டியர் கூலர். கம்ப்ரஸர் இல்லை, சத்தம் இல்லை, விலையும் குறைவு. வெளி வெப்பத்திலிருந்து ஏறக்குறைய 20 டிகிரி குறைக்கும், அவ்வளவே. 40 டிகிரி வேனில் அதற்குள் 20 டிகிரி இருக்கும், பால் கெடும். பல மாடல்கள் ஓய்வே இல்லாமல் 4, 5 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் கோபித்தாலும் பரவாயில்லை, இதற்கு வயரிங் செய்து தர மாட்டேன் என்று சொல்லிவிடலாம்.

ராத்திரி மூன்று மணிக்கு நின்றுபோகும் ஃப்ரிட்ஜ்

இந்த வேலையில் உங்கள் பெயரை நிலைநிறுத்தப்போவது இந்தப் பகுதிதான். எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

புகார் இப்படி வரும்: “பேட்டரி புதுசு, மீட்டர்ல 12 வோல்ட்டுக்கு மேல காட்டுது, ஆனா ஃப்ரிட்ஜ் ஓடி ஓடி நிக்குது.” விற்ற கடைக்காரர் பேட்டரியைச் சோதித்து நன்றாக இருக்கிறது என்பார். ஃப்ரிட்ஜ் கம்பெனி ஆள் ஃப்ரிட்ஜில் குறையில்லை என்பார். இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். குற்றவாளி நடுவில் ஓடும் வயர்.

செம்புக் கம்பி 1 ஸ்கொயர் எம்எம் தடிமனில் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.0175 ஓம் தடை கொடுக்கும். முன்பக்கம் பேட்டரி, பின்கதவருகே ஃப்ரிட்ஜ், இடையே 5 மீட்டர் என்றால் கரண்டு போய் வரும் தூரம் 10 மீட்டர். 1 ஸ்கொயர் வயரில் மொத்தத் தடை 0.175 ஓம். ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கும்போது வழியிலேயே ஏறக்குறைய 0.9 வோல்ட் தொலைந்துபோகும். பேட்டரி முனையில் 12.0 இருந்தால் ஃப்ரிட்ஜ் பார்ப்பது 11.1 தான். பேட்டரியைக் காப்பாற்ற ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் கட்-ஆஃப், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து கம்ப்ரஸரை நிறுத்தும். நிறுத்தியதும் கரண்டு இல்லை, இழப்பும் இல்லை, வோல்டேஜ் மறுபடி 12. சற்று நேரத்தில் திரும்பக் கிளம்பும், திரும்ப நிற்கும். விடிந்து பார்த்தால் தயிர் புளித்திருக்கும்.

அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட். 6 ஸ்கொயர் போட்டால் 0.15. ஒரு வேனுக்கு இதில் ஆகும் கூடுதல் செலவு, வாடிக்கையாளர் ஒரு வாரக் கடைசியில் பெட்ரோல் பங்கில் குடிக்கும் காபிக்குப் பக்கத்தில்தான் வரும். 6 ஸ்கொயர் போடுங்கள். நெகட்டிவுக்கும் தனி வயர் இழுங்கள். வண்டி பாடியை எர்த்தாக நம்பி விடாதீர்கள், துருப்பிடித்த ஒரு போல்ட் போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

சோதிக்கும் முறை: கம்ப்ரஸர் ஓடும்போது, ஓடும்போதுதான், பேட்டரி முனையில் ஒரு அளவு எடுங்கள். உடனே ஃப்ரிட்ஜ் பிளக்கில் இன்னொரு அளவு. வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் வயர், லக், ஃப்யூஸ் பிடிப்பான், ஸ்விட்ச், சாக்கெட் என ஒவ்வொன்றாக இரு முனையிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் வந்து நிற்பீர்கள். அது சிகரெட் பற்றவைக்க ஒரு நிமிடம் கரண்டு கொடுக்கச் செய்த சாமான். ஸ்பிரிங் அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு தகடு. வண்டி குலுங்கும்போது தளரும், சூடாகும், சில சமயம் பிளாஸ்டிக் உருகும். அதை வெட்டிவிட்டு ஆண்டர்சன் கனெக்டர் போடுவதே ஒரு தனி வேலையாகப் பில் போடத் தகுந்தது.

நல்ல ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது டான்ஃபோஸ் பெயரில் வந்து இப்போது செகாப் என்று வரும் பிடி35 கம்ப்ரஸர், அல்லது அதன் வழியில் வந்த வேறொன்று. அதன் எலெக்ட்ரானிக் யூனிட்டில் ஒரு சின்ன எல்இடி விளக்கு மாட்டினால் கோளாறை அதுவே சொல்லும். ஒரு தடவை மின்னினால் வோல்டேஜ் குறைவு. இரண்டு என்றால் ஃபேன் அதிகக் கரண்டு இழுக்கிறது. மூன்று, மோட்டார் கிளம்பவில்லை. நான்கு, வேகம் போதவில்லை. ஐந்து, எலெக்ட்ரானிக் யூனிட் சூடாகிவிட்டது. ஐந்து வந்தால் பேட்டரிப் பக்கமே போகாதீர்கள். ஃப்ரிட்ஜின் காற்றுத் துளையை யாரோ மெத்தையால் அடைத்திருப்பார்கள்.

கட்-ஆஃப் அளவைப் பல ஃப்ரிட்ஜ்களில் மூன்று நிலையாக மாற்றலாம். வண்டி ஸ்டார்ட் ஆகும் பேட்டரியிலேயே ஃப்ரிட்ஜ் ஓடினால் உயர்ந்த நிலை. இல்லாவிட்டால் காலையில் செல்ஃப் எடுக்காது. தனி லித்தியம் பேட்டரி என்றால் தாழ்ந்த நிலை போதும், அதற்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்யூட் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும். லித்தியத்தில் வோல்டேஜ் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாது என்பதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள். பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டுக் கடைசியில் சடாரென இறங்கும். ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று போட்டால்தான் உண்மை தெரியும்.

திரும்ப எப்படி நிரப்புவது

பெங்களூரில் வேன் ஐந்து நாள் நிற்குமிடம் அடுக்குமாடியின் பேஸ்மென்ட். கூரையில் 200 வாட் சோலார் மாட்டிவிட்டு, வெயிலே படாத இடத்தில் நிறுத்திவிட்டு, சனிக்கிழமை காலை பேட்டரி காலி என்று திட்டுவார்கள். மூன்றாவது கேள்வி இதற்குத்தான். பேஸ்மென்ட் வேனுக்கு முதலில் தேவை நல்ல 230 வோல்ட் சார்ஜர் ஒன்றும், பார்க்கிங்கில் குடியிருப்போர் சங்கம் அனுமதித்த ஒரு பிளக் பாயின்ட்டும். லித்தியத்துக்குரிய சார்ஜர் என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜை வீட்டுக் கரண்டில் போட்டு, சாமான்களையும் குளிர வைத்தே ஏற்றினால் முதல் நாள் செலவு நன்றாகக் குறையும்.

சோலார் வெளியில் நிற்கும் வேனுக்கு அருமை. பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் கூரையில் படுக்கை வாட்டில் ஒட்டினாலும் நஷ்டம் அதிகமில்லை. தெளிந்த நாளில் 100 வாட் பேனல் எல்லா இழப்பும் போக 350 முதல் 400 வாட்-மணி தரும் என்று கணக்கு வையுங்கள். ஹம்பி வெயிலில் 200 வாட் பேனல் ஃப்ரிட்ஜைத் தூக்கிவிடும். ஜூலையில் குடகில் மழைக்குள் நின்றால் அதே பேனலை நம்ப முடியாது.

மழைக்கு இருக்கும் ஒரே வழி வண்டியின் டைனமோ. பழைய வண்டியில் இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் நிலையாக வரும். ஒரு ரிலே வைத்து இரண்டு பேட்டரியையும் இணைத்துவிடுவார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 கட்டாயமான பிறகு வந்த பல வண்டிகளில் எரிபொருள் மிச்சப்படுத்த டைனமோவின் வோல்டேஜை வண்டியே ஏற்றி இறக்குகிறது. ரிலே அதைப் பார்த்துக் குழம்பும். லித்தியத்தை நேராக இணைத்தால் இன்னொரு ஆபத்து: அது கொடுக்கிற கரண்டையெல்லாம் விழுங்கி டைனமோவைச் சூடேற்றிக் கெடுக்கும். எனவே நடுவில் டிசி-டிசி சார்ஜர். 30 ஆம்பியர் சார்ஜரோடு இரண்டு மணி நேரம் ஓட்டினால் 60 ஏஹெச் ஏறும். ஹம்பியின் ஒரு நாள் ஃப்ரிட்ஜ் கணக்கு முடிந்தது. சார்ஜருக்குப் போகும் வயர் 16 ஸ்கொயர் இருக்கட்டும். லெட்-ஆசிட் வைத்தவருக்கு இந்த வசதி இல்லை. கடைசி 20 பங்கு நிரம்ப அது மணிக்கணக்கில் நேரம் எடுக்கும்.

உயிர் விஷயம்

ஃப்யூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, ஃப்ரிட்ஜைக் காப்பாற்ற இல்லை. அதனால் அதன் இடம் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாணுக்குள். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் போட்டால், இடையில் 5 மீட்டர் வயர் தகரத்தில் உரசிக் கிழிந்தால் யார் தடுப்பது? ஃப்ரிட்ஜ் வழிக்கு 15 ஆம்பியர் போதும். தகரத்தில் துளை போடும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட். லக்கை சுத்தியலால் தட்டி நசுக்குவது வேண்டாம். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வாங்குவதுதான் இந்தத் தொழிலில் உங்கள் முதல் முதலீடு. இரண்டாவது முதலீடு டிசி கரண்டு அளக்கும் கிளாம்ப் மீட்டர். ஏசி மட்டும் அளப்பது இங்கே உதவாது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். பேட்டரியைத் தரையோடு போல்ட் போட்டுக் கட்டுங்கள். பிரேக் அடித்தால் 12 கிலோவும் பறக்கும்.

பெங்களூரில் மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிய பிறகு கழற்றிய செல்களும், அவற்றைக் கட்டிச் செய்த பேட்டரிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. ஸ்கூட்டர் செல்களில் பல நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகை. செல்லுக்கு 3.6, 3.7 வோல்ட் இருக்கும். சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் இரும்பு பாஸ்பேட்டைவிட இதில் அதிகம். ஆட்கள் படுக்கும் வேனுக்குள் இதை மாட்டித் தர மறுத்துவிடுங்கள். 3.2 வோல்ட் இரும்பு பாஸ்பேட் செல் மட்டும். அதிலும் பெயரில்லாத பெட்டி வந்தால் முழுதாகச் சார்ஜ் செய்து, 10 ஆம்பியர் லோடு வைத்து, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்த்த பிறகே மாட்டுங்கள். 100 ஏஹெச் என்று ஒட்டியிருப்பது ஏழு மணி நேரத்தில் படுத்துவிட்டால் அது 70 ஏஹெச். இந்தச் சோதனைக்கு ஒரு நாள் கூலி கேளுங்கள், தருவார்கள்.

மருந்துக்காக ஃப்ரிட்ஜ் கேட்பவர்கள் வருவார்கள். அவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்தால் பயன்படாது. பெட்டி ஃப்ரிட்ஜின் சுவரை ஒட்டிய இடம் பனியாகிவிடும், நடுவில் சரியாக இருக்கும். முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல் மருந்து வைக்கும் இடத்திலேயே ஒரு தனி தெர்மாமீட்டர் வைத்துக் காட்டுங்கள்.

காகிதம்

வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாகச் செய்யும் மாற்றங்களை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. கேரவன்களுக்கென ஏஐஎஸ்-124 என்ற தரநிலை தனியாக உண்டு. சீட்டை எடுத்துக் கட்டில் போடுவது, கூரையை உயர்த்துவது போன்றவை ஆர்டிஓ விஷயம்; அதை உரிமையாளரே தீர்த்துக்கொண்டு வரட்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். கழற்றி மாட்டக்கூடிய பேட்டரிப் பெட்டி, கம்பெனி வயரிங்கைத் தொடாத தனி வயரிங் என்று உங்கள் வேலையை வைத்துக்கொண்டால் தலைவலி குறைவு. வண்டியின் ஒரிஜினல் வயரில் ஜாயின்ட் அடித்தால் வாரண்டிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

கழற்றிய பழைய பேட்டரியைத் தள்ளுவண்டிக்காரரிடம் போடாதீர்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியத்துக்கும் பொருந்தும்.

தனியாகத் தொழில் செய்வதென்றால் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். அதற்கு ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. விலை சொல்லும்போது சாமானையும் கூலியையும் கலக்காதீர்கள். ஆய்வுக்கு ஒன்று, வயரிங்குக்கு ஒன்று, 24 மணி நேரச் சோதனைக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போடுங்கள். பேட்டரியை அவரே வாங்கி வந்தாலும் உங்கள் வரவு குறையாது.

எங்கே கற்பது, யார் வேலை தருவார்கள்

ஐடிஐ-யில் எலெக்ட்ரீஷியன், குளிர்பதன மற்றும் ஏசி டெக்னீஷியன் இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. இரண்டில் ஒன்று இருந்தால் மற்றதை வேலையில் பிடித்துவிடலாம். சோலாருக்கு, மத்திய அரசின் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2015 முதல் நடத்தும் சூரியமித்ரா பயிற்சி 600 மணி நேரம்.

வேன் வேலை மட்டுமே ஆண்டு முழுக்கச் சோறு போடாது. அதே அறிவு வேறு கதவுகளையும் திறக்கும். பெங்களூரில் 1995-ல் ஹரீஷ் ஹாண்டே தொடங்கிய செல்கோ பல வருடங்களாகச் செய்துவருவது இதுதான்: தையல்காரருக்கு என்ன லோடு, சின்னக் கடைக்கு எத்தனை மணி நேர ஃப்ரிட்ஜ் என்று ஆள் ஆளாகக் கேட்டு, அதற்கு அளவாகச் சோலார் வைப்பது. அதற்காகவே ஹாண்டேவுக்கு 2011-ல் மகசேசே விருது கிடைத்தது. மணிப்பாலில் பிளாக்ஃப்ராக் நிறுவனம் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரியில் தூக்கிச் செல்லும் எம்வோலியோ என்ற பேட்டரிப் பெட்டி செய்கிறது. மீன், பால், ஐஸ்கிரீம் விற்கும் வண்டிகள், கிராம சுகாதார நிலையங்கள், ஃபுட் டிரக்குகள் என இவற்றுக்கெல்லாம் தேவைப்படுவது வேனுக்குப் போட்ட அதே கணக்குதான். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழோடு நீங்கள் எழுதிக் கொடுத்த இரண்டு வேன்களின் அளவுத் தாளையும் வைத்துக் காட்டுங்கள்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? ஃப்ரிட்ஜின் 24 மணி நேரச் செலவு, அன்றைய வெப்பம், பேட்டரி முனையிலும் பிளக்கிலும் ஓடும்போது எடுத்த வோல்டேஜ், ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்ற படம். வேனை மூடி, வெயிலில் நிறுத்தி எடுத்த அளவாக அது இருக்கட்டும். உங்களிடம் வரும் ஐடிக்காரர் ஏற்கெனவே எக்செல் ஷீட்டும் பத்து வீடியோவும் பார்த்துவிட்டுத்தான் வருவார். அவரோடு வாதாட வேண்டாம். கிளாம்ப் மீட்டரை அவர் கையில் கொடுத்து அவரையே படிக்கச் சொல்லுங்கள், பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

வேன் முதல் பயணம் போய் வந்ததும் நீங்களே போன் செய்யுங்கள். “காலைல ஆறு மணிக்கு மானிட்டர்ல எவ்வளவு மிச்சம் இருந்துச்சு சார்?” என்று மட்டும் கேளுங்கள். பதிலோடு ஊர், மாதம், வண்டி, ஃப்ரிட்ஜ் மாடல் நான்கையும் நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த டிராவலர் வரும்போது, கம்பெனி கையேட்டை விட்டுவிட்டு அந்த நோட்டைப் பார்த்து விலை சொல்லலாம்.